பஜேரோவில் சாம்பார் தளும்புகிறது: ரீகோன் அப்சோபரா, கயாபாவா, ஆஸ்திரேலியா செட்டா?

சாம்பார்வண்டி, சுங்கை சிப்புட், மலேசியா

வணக்கம். எனக்குக் காடி (கார்) ஓட்டத் தெரியும், காடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதில் போடுபவர்கள் என்னை ஒரு சமையல்காரியாக நினைத்து எழுதுங்கள்.

வண்டி 1996 மிட்சுபிஷி பஜேரோ ஜீப், ஐந்து கதவு, 2.8 டீசல், ஜப்பானில் ஓடிய பழசு, ரீகோனாக இங்கே வந்தது. அப்பா வாங்கியது. தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றபோது கையில் வந்த காசில் பாதியை இதில் போட்டார். அம்மா இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது அது என் சமையல் வண்டி. கல்யாணம், காது குத்து, பதினாறாம் நாள் காரியம், கோயில் அன்னதானம் எதுவானாலும் வீட்டிலேயே சமைத்து ஏற்றிக்கொண்டு போய்விடுவேன். கடைசி வரிசை இருக்கைகளைக் கழற்றி வீட்டில் வைத்தாயிற்று. அதில் இப்போது பூனை தூங்குகிறது.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயில் வரைக்கும் அன்னதானம் கொண்டு போயிருக்கிறேன், ஒரு சொட்டு சிந்தியதில்லை. அது தார் ரோடு. என் பிரச்சினை தோட்டத்துக்குள் போகிற கடைசி ஆறு கிலோமீட்டர். செம்பனைக் குலை லோரிகள் ஓடி ஓடி அந்தச் செம்மண் சாலை துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாக ஆகிவிட்டது. போன மாதம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனபோது சாம்பார் அண்டாவின் மூடி மேல் வெள்ளைத் துணி கட்டி, கயிறு போட்டு இறுக்கி, அதற்கும் மேல் அக்கா மகனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி உட்கார வைத்தேன். போய்ச் சேரும்போது பாயசம் மூன்றில் ஒரு பங்கு தரை விரிப்பில். சாம்பார் அவன் சட்டையில். காடிக்குள் மூன்று நாள் எறும்பு.

நான் கவனித்தவை:

வேகத்தடை பம்ப் ஏறி இறங்கினால் பின்பக்கம் மூன்று நான்கு தடவை ஆடிவிட்டுத்தான் நிற்கிறது. பிரேக் வைத்தால் மூக்கு குத்துகிறது. பின்னால் இடது அப்சோபரில் (ஆட்டத்தை அடக்குகிற குழாயாம்) எண்ணெய் வழிந்து, அதில் செம்மண் வடை மாவு மாதிரி அப்பியிருக்கிறது. பின் டயரைக் கையால் தடவினால் மேடு பள்ளமாகத் தட்டுப்படுகிறது. பாத்திரம் ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. ராத்திரியில் எதிரே வருகிற லோரிக்காரர்கள் எல்லாரும் எனக்கு விளக்கு அடித்துக் காட்டுகிறார்கள். நான் ஹை பீம் போடவே இல்லை!

இன்னொன்று, கியர் பக்கத்தில் எஸ், எம், எச் என்று எழுதிய ஒரு சுவிட்ச் இருக்கிறது. அப்பா அதைத் திருப்பித் திருப்பி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். எனக்குத் தெரிந்து எந்த எழுத்தில் வைத்தாலும் ஒரே ஆட்டம்தான்.

மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஊரில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் நான்கு அப்சோபரையும் ரீகோன் பண்ணி, அதாவது பழசையே பழுது பார்த்துத் தருகிறார்களாம், 320 வெள்ளி (ரிங்கிட்), மூன்று மாத கேரண்டி. ஈப்போவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது கயாபா (ஜப்பான் பிராண்ட் அப்சோபர்) நான்கு, 860 வெள்ளி, கூலி தனி. அக்கா மகனின் கூட்டாளி ஆஸ்திரேலியா செட் என்கிறான், ஸ்பிரிங்கோடு சேர்த்து 3,600 வெள்ளி, வண்டி இரண்டு அங்குலம் உயருமாம். 3,600 வெள்ளிக்கு நான் எத்தனை பேருக்கு இலை போட வேண்டும் என்று கணக்குப் பார்த்தேன், தலை சுற்றியது.

எதைப் போடுவது? பின்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதாதா?


லாசா ரோடு

அக்கா, ரீகோனே போடுங்க. என் கெம்பாராவுல போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, ஒரு பிரச்சினையும் இல்ல. பழைய காடிக்குப் புது அப்சோபர் போடுறது பாட்டிக்குப் பல் கட்டுற மாதிரி லா.


பழைய பொமென்

தங்கச்சி, நான் 31 வருஷம் பட்டறை வைத்திருந்து இப்போது மூடிவிட்டேன். விற்க என்னிடம் ஒன்றும் இல்லை, அதனால் நம்பலாம்.

லாசா ரோடு தம்பி, பாட்டிக்குப் பல் கட்டினால்தான் பாட்டி முறுக்கு சாப்பிட முடியும். உன் கெம்பாரா பாசாருக்கும் வேலைக்கும் போகிற காடி. இவர் ஏற்றுவது அண்டா.

உங்கள் வண்டிக்கு இருப்பது ஒரு நோய் இல்லை, இரண்டு. அதைப் பிரித்துப் பார்க்காமல் எந்தக் கடைக்குப் போனாலும் காசுதான் போகும். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அப்சோபர் பாரம் தாங்காது. ஸ்பிரிங் அமுங்கி எழும்பும்போது அது திரும்பத் திரும்ப ஆடாமல் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. உள்ளே எண்ணெய் இருக்கிறது, பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகளும் வால்வும் இருக்கின்றன. எண்ணெய் அந்த ஓட்டை வழியாக நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டத்தின் சக்தி சூடாக மாறி வெளியே போய்விடும். மூன்று நான்கு தடவை ஆடுகிறது என்றால் அப்சோபர் போய்விட்டது. பாரம் ஏற்றினால் உட்கார்ந்து விளக்கு வானத்தைப் பார்க்கிறது என்றால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. நீங்கள் உலகத்திலேயே விலை கூடின அப்சோபரைப் போட்டாலும் லோரிக்காரர்கள் உங்களுக்கு விளக்கு அடிப்பதை நிறுத்த மாட்டார்கள்.

பம்பரை அமுக்கிப் பார்க்கிற சோதனையை யாராவது சொல்வார்கள். சின்னக் காடிக்குச் சரி. பஜேரோ மாதிரி கனமான வண்டியில் ஓர் ஆள் அமுக்கி ஒன்றும் தெரியாது. உங்கள் பாயசம் சொல்வதே சரியான சாட்சி. எண்ணெயைப் பற்றி ஒன்று: தண்டுக்குப் பக்கத்தில் லேசாகப் பனி படிந்த மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். வழிந்து மண் அப்பியிருந்தால் முடிந்தது. டயரில் மேடு பள்ளம் வருவதும் அதனால்தான். சக்கரம் தரையை விட்டு விட்டுக் குதிக்கிறது, குதித்து இறங்குகிற இடத்தில் மட்டும் ரப்பர் தேய்கிறது.

ரீகோன் பற்றி. பழைய குழாயை வெட்டி, சீல் மாற்றி, எண்ணெய் ஊற்றி, வெல்டு வைத்துத் தருவார்கள். நல்ல ஆள் செய்தால் ஓடும், மறுக்கவில்லை. ஆனால் தண்டில் விழுந்த கீறல் அப்படியே இருக்கும், அது புது சீலையும் அறுக்கும். பிஸ்டன் வால்வின் தேய்மானமும் அப்படியே. எண்ணெயின் தடிப்பு அவர் கையில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதுதான். இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி பிடிக்கும். 320 வெள்ளியை மூன்று தடவை கொடுத்தால் கயாபா விலையைத் தாண்டிவிடும்.

கயாபா ஒன்றும் சொகுசுச் சாமான் இல்லை. கயாபா ஷிரோ என்கிற ஜப்பான்காரர் பேர் அது, 1919இல் தொடங்கிய வேலை. நம் நாட்டிலேயே யுஎம்டபிள்யூ கம்பெனியோடு சேர்ந்து தயாரிக்கிறார்கள். உங்கள் வண்டிக்குச் சாதாரணமாகக் கிடைப்பது இரட்டைக் குழாய், குறைந்த அழுத்த கேஸ். கேஸ் எதற்கு என்றால், எண்ணெய் நுரைக்காமல் இருக்க. நுரை வந்தால் பிஸ்டன் காற்றைத்தான் தள்ளும், பிடிமானம் இருக்காது. மோரைக் கடைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பின்னால் இரண்டு மட்டும் போதாதா என்று கேட்டீர்கள். இடது வலது ஜோடியாகக் கட்டாயம் மாற்ற வேண்டும். முன்னாலும் அதே வயசுதான், மூக்கு வேறு குத்துகிறது என்கிறீர்கள், அதனால் நான்கும். ஒரு நல்ல செய்தி: உங்கள் வண்டியில் முன்பக்கம் டார்ஷன் பார் (சுருளுக்குப் பதிலாக முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்கிற கம்பி), அப்சோபர் தனியாக நிற்கிறது. சின்னக் காடி மாதிரி ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றுகிற ஆபத்தான வேலை கிடையாது. கூலி அதிகம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எஸ் எம் எச் சுவிட்ச்: சாஃப்ட், மீடியம், ஹார்ட். மேல் ரக பஜேரோவில் மட்டும் வந்தது. அப்சோபர் தலையில் ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்து வால்வைத் திருப்பும். அந்த அசல் சாமான் இன்று கிடைத்தாலும் விலை கேட்டு உங்கள் அம்மா இன்னொரு இரண்டு மாதம் பேச மாட்டார். எல்லாரும் சாதாரண அப்சோபருக்கே மாறிவிடுகிறார்கள். ஆனால் ஆர்டர் கொடுக்கும் முன் ஒன்றைக் கழற்றி, மேல்பக்கம் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்து, சேசிஸ் நம்பரோடு கடைக்குப் போங்கள். பஜேரோ என்று மட்டும் சொல்லி வாங்கினால் இரண்டாம் தடவையும் ஈப்போவுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டி வரும்.

முதலில் எனக்கு மூன்று அளவு வேண்டும். வெறும் வண்டியில், பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை, இரண்டு பக்கமும். பிறகு பாத்திரங்கள் ஏற்றி அதே இரண்டு அளவு. கடைசியாக, எவ்வளவு கிலோ ஏற்றுகிறீர்கள், எதை எங்கே வைக்கிறீர்கள்.


ஃபோர்பைஃபோர் பைத்தியம்

அங்கிள் சொல்றது எல்லாம் சரி, ஆனா செம்மண் வரி ரோட்டுக்கு இரட்டைக் குழாய் தாங்காது. ஒவ்வொரு வரியிலயும் பிஸ்டன் மேல கீழ போகுது, எண்ணெய் கொதிக்குது. ஒற்றைக் குழாய்தான் போடணும். அதுல எண்ணெயும் நைட்ரஜனும் தனித்தனி, நடுவுல மிதக்குற பிஸ்டன் ஒன்னு பிரிச்சு வச்சிருக்கும். நுரைக்கவே நுரைக்காது. எண்ணெய் வெளிச்சுவரைத் தொட்டுக்கிட்டு இருக்கிறதால சீக்கிரம் ஆறும். பில்ஸ்டைன் 1957லயே மெர்சிடிஸ்க்கு இதைப் போட்டுக் கொடுத்தான். இன்னும் நாம பழசையே பேசிக்கிட்டு இருக்கோம்.

ரெண்டு இஞ்ச் லிஃப்டும் நல்லதுதான் அக்கா. மழைக் காலத்துல கால்வாய் உடைஞ்சு தண்ணி ஓடும்போது தெரியும். காசு பத்தலன்னா முன்னால டார்ஷன் பார் போல்ட்டை முறுக்குனாலே ஏறிடும், ஒரு வெள்ளி செலவில்ல.


பழைய பொமென்

பைத்தியம் தம்பி, ஒற்றைக் குழாய் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அவர் போவது ஆறு கிலோமீட்டர். பாத்திரத்தோடு 20இல் போனால் 18 நிமிஷம். இது ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனம் இல்லை, சுங்கை சிப்புட். 18 நிமிஷத்தில் கொதிக்கிற அப்சோபர் ஏற்கனவே செத்த அப்சோபர். அதோடு ஒற்றைக் குழாயில் பிஸ்டன் வெளிச்சுவரிலேயே ஓடுகிறது. கல் அடித்துக் குழாய் நசுங்கினால் அதோடு சரி. இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் கொஞ்சம் நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் பாட்டுக்கு ஓடும். தோட்டத்துச் சாலையில் அதுவும் ஒரு கணக்குதான்.

டார்ஷன் பாரை முறுக்குகிற யோசனையைத் தயவுசெய்து பொதுவில் எழுதாதே. முறுக்கினால் பார் கெட்டியாவதில்லை, சக்கரம் கீழே தொங்குகிற இடம்தான் குறைகிறது. பள்ளம் வரும்போது அப்சோபர் முழு நீளத்துக்கு இழுத்து டக் என்று அடிக்கும். புதுசு போட்டு ஆறு மாதத்தில் உடைத்துக்கொண்டு வந்தவர்களை நான் வரிசையாகப் பார்த்திருக்கிறேன். வண்டியை உயர்த்துவதென்றால் அதற்கேற்ற நீள அப்சோபர் வேண்டும், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ஒப்புதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, 40 லிட்டர் சாம்பாரை இரண்டு அங்குலம் கூட உயரத்தில் வைத்து வளைவில் திரும்பிப் பார்.


ஃபோர்பைஃபோர் பைத்தியம்

அங்கிள் ஓகே ஓகே. சாம்பார்னு வந்துட்டா நான் என்ன பேசுறது.


கண்டக்டர் மாமா

நான் தோட்டத்தில் வெளிக்காட்டு கண்டக்டராக (வேலை மேற்பார்வை) இருந்தவன். துரை வண்டி லேண்ட் ரோவரில் இலை ஸ்பிரிங்தான், அப்சோபர் இருந்ததா என்றே எனக்குச் சந்தேகம். அதில் முட்டை கொண்டு போயிருக்கிறேன்.

டயர் காற்றைப் பாரம்மா. கதவோரத்து அட்டையில் பாரத்துக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும், அதற்கு மேலே ஏற்றாதே. பெட்ரோல் ஸ்டேஷன் பையன்கள் கல் மாதிரி ஏற்றிவிடுவார்கள். அப்புறம், பன்னிரண்டு மணிப் பூஜைக்குப் பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பினால் எந்த அப்சோபரும் காப்பாற்றாது.


சாம்பார்வண்டி

கண்டக்டர் மாமா என்னை எங்கோ பார்த்திருக்கிறார் போல. பதினொன்றே முக்கால் என்று எப்படித் தெரிந்தது?

பொமென் அண்ணே, அளவெடுத்துவிட்டேன். தையல் டேப்பில் எடுத்தேன், அரை சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். வெறும் வண்டி: வலது 50, இடது 48. பாத்திரங்கள் ஏற்றிய பிறகு: வலது 42, இடது 39. அக்கா மகன் படுத்துக்கொண்டு கீழே பார்த்தான். இடது பக்கம் ஒரு கறுப்பு ரப்பர் கூம்பு தொங்குகிறது, அதற்கும் அச்சுக்கும் இடையில் இரண்டு விரல்தான் நுழைகிறதாம். ரப்பரும் பொடிப் பொடியாக உதிர்கிறது.

எடை, வீட்டுத் தராசில் போட முடிந்ததைப் போட்டும் மற்றதைக் குத்துமதிப்பாகவும்: சாம்பார் அண்டாவோடு 48 கிலோ. ரசம் 22. பாயசம் 22. சோற்றுப் பெட்டி மூன்று, 75. கறிவகை, அப்பளம், இலைக் கட்டு எல்லாம் 40. கேஸ் தோம்பு (சிலிண்டர்) இரண்டு. 14 கிலோ கேஸ் என்றாலும் இரும்போடு சேர்த்து ஒன்று 28 வருகிறது, ஆக 56. அடுப்பு 15. அக்கா மகன் 70, அவன் 65 என்கிறான். மொத்தம் 350க்குப் பக்கம். இவ்வளவு ஏற்றுகிறேன் என்று இதுவரை எனக்கே தெரியாது.

எங்கே வைக்கிறேன் என்றால், தோம்பும் அடுப்பும் முதலில் ஏறும், அவை நடு இருக்கைக்குப் பின்னால் ஒட்டி. பிறகு சோறு. சாம்பார் கடைசி. இலை போட்டவுடன் சோறும் சாம்பாரும்தானே முதலில் கேட்பார்கள், அதனால் பின்கதவைத் திறந்ததும் கைக்கு வருகிற மாதிரி கதவோரம், இடது மூலையில். 15 வருஷமாக அப்படித்தான் ஏற்றுகிறேன். அம்மா மாட்டு வண்டிக் காலத்தில் பழகிய முறை.


பழைய பொமென்

இடது மூலை. இப்போது எல்லாம் விளங்கிவிட்டது.

பின் அச்சுக்குப் பின்னால் வைக்கிற பாரம், சீசாப் பலகையின் ஒரு நுனியில் உட்காருகிற மாதிரி. பின்பக்கத்தை அமுக்குவதோடு முன்பக்கத்தைத் தூக்கியும் விடும். அதே 48 கிலோ அச்சுக்கு முன்னால் இருந்தால் நான்கு சக்கரமும் பகிர்ந்துகொள்ளும். ஆட்டமும் அப்படியே: அச்சுக்கு அப்பால் தள்ளி இருக்கிற பாத்திரம்தான் அதிகம் தூக்கிப் போடப்படும். நீங்கள் சிந்தக்கூடாத ஒரே சாமானை வண்டியிலேயே அதிகம் குதிக்கிற இடத்தில் 15 வருஷமாக வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் இடது காயில் (சுருள் ஸ்பிரிங்) 2 சென்டிமீட்டர் செத்துவிட்டது, இடது அப்சோபர் முதலில் ஒழுகியது.

நடு இருக்கையை மடித்து, சாம்பாரை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வையுங்கள். பக்கக் கதவு இருக்கிறதே, இறக்க வசதிதான். ரசம் அதன் பக்கத்தில் மறு புறம். கேஸ் தோம்பும் அடுப்பும் பின்கதவோரம், நிமிர்த்தி, கட்டி. அவை தளும்பாது. தோம்பைப் படுக்க வைக்காதீர்கள்.

வாங்க வேண்டியவை: கயாபா நான்கு. பின் காயில் ஸ்பிரிங் ஒரு ஜோடி, அசல் உயரத்திலேயே, புதுசு. கனரகக் காயில் என்று காட்டுவார்கள், வேண்டாம். அது எப்போதும் பாரத்தோடு ஓடுகிற வண்டிக்கு. நீங்கள் போகும்போது 350 கிலோ, வரும்போது வெறும் பாத்திரம். வெறும் வண்டியில் கனரகக் காயில் கட்டை வண்டி மாதிரி அடிக்கும். அப்படியும் பத்தவில்லை என்றால் காயிலுக்கு நடுவே வைக்கிற ரப்பர் காற்றுப் பை கிடைக்கிறது. பாரம் ஏற்றும் நாளில் காற்று அடித்து, வந்ததும் இறக்கிவிடலாம். அதைப் பிறகு பார்ப்போம். உதிர்கிற அந்த ரப்பர் கூம்புகள் இரண்டும் கட்டாயம். அவை இல்லாவிட்டால் முழுசாக அமுங்கும்போது புது அப்சோபரே அடி தாங்கும்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். மூன்று விஷயம்தான் பார்க்க வேண்டும். புது அப்சோபர் கடையில் படுத்துக் கிடந்திருக்கும், உள்ளே காற்று இடம் மாறியிருக்கும். நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து தடவை முழுசாக இழுத்து அமுக்கிய பிறகே மாட்ட வேண்டும். தண்டு சுற்றுகிறது என்று பிளையர் போட்டுப் பிடித்தால் சத்தம் போடுங்கள், அந்தக் கீறல் சீலை அறுத்துவிடும். ரப்பர் புஷ் (வளையம்) இருக்கிற போல்ட்டைச் சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழிந்துவிடும்.

கழற்றிய அப்சோபரைப் பழைய இரும்புக்காரர் வெட்டவோ நெருப்பில் போடவோ விடாதீர்கள். உள்ளே கேஸ் இருக்கிறது.


லாசா ரோடு

அங்கிள், பட்டறையை ஏன் மூடுனீங்க?


பழைய பொமென்

முதுகு. அதற்கு அப்சோபர் கிடைக்கவில்லை.


சாம்பார்வண்டி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மூன்று கல்யாணம், ஒரு காரியம்.

முதலில் காசு செலவில்லாததைச் செய்து பார்த்தோம். பழைய அப்சோபரோடேயே சாம்பாரை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மாற்றி வைத்து அதே தோட்டத்துக்குப் போனேன். ஆட்டம் அப்படியேதான் இருந்தது, ஆனால் சிந்தியது பாதிதான். சாமான் வாங்குவதற்கு முன்னாலேயே இவ்வளவு மாற்றமா என்று இருந்தது. இறக்கும்போதுதான் சண்டை. பரிமாற வந்த பையன்கள் பழக்கத்தில் பின்கதவைத் திறந்து, தோம்பைப் பார்த்துவிட்டு, "அக்கா சாம்பார் எங்கே" என்று நிற்கிறார்கள். பந்தியில் ஆட்கள் உட்கார்ந்தாயிற்று. அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பிறகு சாமான். ஒன்றைக் கழற்றிப் பார்த்தபோது நீங்கள் சொன்ன மாதிரி தலையில் ஒயரோடு ஒரு குட்டி மோட்டார். கழற்றிய அப்சோபரையே துணிப் பையில் போட்டு, சேசிஸ் நம்பர் இருக்கிற காடி கார்டையும் எடுத்துக்கொண்டு அக்கா மகன் பைக்கில் ஈப்போ போனான். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது வேறு மாடலுக்கான சாமான், மேல்பிடிப்பு வேறு. பையில் இருந்ததைப் பார்த்த பிறகுதான் சரியானதை எடுத்தார். நான் போனில் பஜேரோ என்று மட்டும் சொல்லியிருந்தால் அதைத்தான் அனுப்பியிருப்பார்.

கணக்கு: கயாபா நான்கு 860. பின் காயில் ஜோடி 380. ரப்பர் கூம்பு இரண்டு 70. கூலி 180. அலைன்மென்ட் 60. மொத்தம் 1,550 வெள்ளி. காற்றுப் பை வாங்கவில்லை.

மாட்டும்போது நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். இழுத்து அமுக்கச் சொன்னேன், அந்தத் தம்பி செய்தார். பிளையர் எடுக்கவில்லை. கடைசியில் வண்டி ஜாக்கில் தொங்கும்போதே கீழ் போல்ட்டை இறுக்கப் போனார். "தம்பி, இறக்கிவிட்டு இறுக்குங்க, புஷ் முறுக்கிக்கும்" என்றேன். என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். முதலாளி "அக்கா சொல்ற மாதிரி செய்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார். டீ கூட வந்தது எனக்கு.

இப்போது வெறும் வண்டியில் இரண்டு பக்கமும் 53. பாரத்தோடு 48, 47. லோரிக்காரர்கள் விளக்கு அடிப்பதில்லை. பம்ப் ஏறி இறங்கினால் ஒரு தடவை எழுந்து உட்காருகிறது, அவ்வளவுதான். செம்மண் சாலையில் சோதிக்க அகலமான பேசினில் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பி, சாம்பார் வைக்கிற இடத்தில் வைத்து ஆறு கிலோமீட்டரும் போனோம். போய்ச் சேர்ந்தபோது ஒரு குவளைத் தண்ணீர் குறைந்திருந்தது. வரிகளில் கடகட என்று இன்னும் சத்தம் இருக்கிறது, வெறும் வண்டியில் முன்னைவிடக் கொஞ்சம் விறைப்பாகவும் இருக்கிறது. அம்மா இடுப்பு வலிக்கிறது என்கிறார். பழைய ஆட்டம் தொட்டில் மாதிரி இருந்ததாம்.

மீட்டர் பக்கத்தில் எஸ் எம் எச் விளக்கு மட்டும் ஓயாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தது, மோட்டாரைத் தேடுகிறது போல. ராத்திரியில் கண்ணை உறுத்தியது. மேலே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டேன். சுவிட்சை அப்படியே விட்டிருக்கிறேன், அது அப்பாவுடையது.

மேடு பள்ளமான பின் டயர் இரண்டையும் மாற்ற வேண்டும், சத்தம் பாதி அதிலிருந்துதான் வருகிறது என்றார் முதலாளி. அதற்குத் தீபாவளி முறுக்கு ஆர்டர் வரட்டும்.

கழற்றிய காயில் ஒன்றை அம்மா பின்கட்டில் ரசச் சட்டிக்குப் பிரிமணையாக வைத்திருக்கிறார். 2 சென்டிமீட்டர் குட்டையான இடது காயில்தான் அது. இன்னொன்று சும்மா கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமா?